நீலக் கேனில் வளர்ந்த புதினா

பதினைந்து தண்டு போதும் என்றுதான் அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள். மோகனா மொட்டை மாடிக்கு வந்து கால் மணி நேரமாகிறது, ஒரு தண்டுகூடக் கிள்ளியபாடில்லை. பாதியாக அறுத்து வைத்த நீலக் கேனுக்கு முன்னால் குந்தியிருந்தாள். புதினா கேனை நிறைத்து, விளிம்பைத் தாண்டி, தரையில் ஒரு முழத்துக்கு ஓடியிருந்தது. மூன்று நாளைக்கு முன்பென்றால் அதைப் பார்க்கவே வயிறு நிறைந்திருக்கும். போனில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியிருப்பாள். இன்றைக்கு அந்தச் செழிப்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. மண் அவள் கொட்டியது. ஆட்டெரு அவள் கலந்தது. தண்ணீர் அவள் ஊற்றியது. இவ்வளவு இலைக்கு அது போதுமா, இல்லை வேறு எதையோ சேர்த்துக் குடித்துத்தான் இப்படித் தழைத்திருக்கிறதா என்று மனம் கேட்டது. அதையே மறுபடியும் கேட்டது. பக்கத்துக் கேனில் கொத்தமல்லி பாதி மொட்டையாக நின்றது. காலையில் வந்து இறங்கியதும் அத்தை மேலே ஏறிப் பறித்துக்கொண்டு போயிருக்கிறாள். அப்போது மோகனா குளியலறையில் இருந்தாள். வாளி நிறைந்து வழிகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் ஓடிவந்து தடுத்திருப்பாளா? "அம்மிணி, புதினா பறிக்கப் போனியா, நட்டு வளத்திக்கிட்டிருக்கியா?" கீழேயிருந்து அத்தையின் குரல் படி வழியாக ஏறி வந்தது. கூடவே பெண்கள் சிரிக்கிற சத்தம். "இதா வந்துட்டனுங்கத்தை" என்றாள். நெஞ்சுக்குள் நடக்கிற எதுவும் அந்தக் குரலில் ஒட்டியிருக்கவில்லை.

கீழே அண்ணிக்குக் கட்டுச்சோறு, பிறந்த வீட்டார் வகைவகையாகச் சாதம் கொண்டுவந்து போடுகிற நாள். ஏழாம் மாதம். அண்ணியின் அம்மாதான் அத்தை; சத்தியமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் புளிசாதம், எலுமிச்சைசாதம், எள்ளுசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் என்று ஐந்து தூக்குப்போசிகளோடு வந்து இறங்கியிருந்தாள். ஏழு வகை ஆக வேண்டும். இலை அரைத்துப் போட்ட கொத்தமல்லி, புதினா சாதம் பஸ் சூட்டில் நிறம் மாறிப்போகும், அது இரண்டையும் இங்கே வந்து செய்துகொள்ளலாம், அதுதான் வீட்டிலேயே தோட்டம் இருக்கிறதே என்று போன வாரமே பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தபோது மோகனாவும் அங்கேதான் இருந்தாள். அவளேதான் சொன்னாள், கொத்தமல்லியும் புதினாவும் நம்ம மாடியிலயே இருக்குது, கடையில வாங்காதீங்க என்று. கடையில் வாங்கக் கூடாது என்பதிலிருந்துதான் எல்லாமே தொடங்கியது. ஐப்பசியில் அண்ணிக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது நர்ஸ் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி, தினமும் கீரை சேர்த்துக்கோ என்றார். அண்ணன் சந்தையில் கீரைக்கட்டு வாங்கி வந்தான். அதைக் கழுவும்போது மோகனாவுக்கு ஒரு எண்ணம் ஓடியது. ஊருக்குக் கிழக்கே ஓடை திங்கட்கிழமை ஒரு நிறத்தில் போகும், செவ்வாய்க்கிழமை இன்னொரு நிறத்தில் போகும். அந்த ஓடைக்கரையில்தான் கீரைப் பாத்திகள் இருந்தன. சாயத் தண்ணியில வளர்ந்தது புள்ளத்தாச்சிக்கு எதுக்கு, நாமளே வளர்த்துக்கலாம், ஆரோக்கியமா இருக்கும் என்றாள். அதற்கு முந்தின வருஷம் அண்ணிக்கு மூன்று மாதத்தில் ஒன்று நழுவிப்போயிருந்தது. அந்த வீட்டில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. அதனால் அவள் சொன்னதும் எல்லோரும் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள். படித்த பெண் சொல்கிறாள். அண்ணி மட்டும் சிரித்துக்கொண்டே, "எனக்காகத் தோட்டமே போடறியா மோகனா? அப்ப உங்கண்ணன் எனக்கு என்ன போடப் போறாருன்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அது நல்ல கதைதான். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆவணப் பிரிவு; புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து ரசாயனப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு மேடம் திரையில் ஒவ்வொரு படமாகப் போட்டார். தீ எரிகிற படம். கைமேல் ஏதோ சொட்டி ஓட்டை விழுகிற படம். மண்டை ஓடு. அதற்கெல்லாம் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு சிவப்பு ஓரம் போட்ட ஒரு சாய்சதுரம் வந்தது. உள்ளே கறுப்பில் ஒரு மனிதனின் தலையும் மார்பும். மார்பின் நடுவில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. மோகனாவுக்கு அந்தப் படம் முன்பே பழக்கம். நாலு மாதமாகத் தினமும் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். சுவர் இடுக்கில் அது கண்ணில் பட்டபோதெல்லாம், யாரோ சாமியார் நெஞ்சில் ஒளி வருகிற மாதிரி வரைந்த கம்பெனி முத்திரை என்றுதான் நினைத்திருந்தாள். மேடம் சொன்னார்: "மண்டை ஓடு போட்டிருந்தா எல்லாரும் ஒதுங்கிருவீங்க. இதைப் பாத்தா யாரும் ஒதுங்க மாட்டீங்க. இது உடனே ஒண்ணும் பண்ணாது. உள்ள போய் உக்காந்துக்கும். மெதுவா வேலை பாக்கும். வயித்துல இருக்கற குழந்தை வரைக்கும் போற சில பொருளுக்கும் இந்தப் படம்தான் போடுவாங்க." பிறகு, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். மோகனாவின் கை மடியிலிருந்து நாலு விரல் உயர்ந்தது. மேடம், அந்தக் கேனைக் கழுவி அதில் கீரை போட்டால்? இவ்வளவுதான் கேட்க வேண்டும். ஏழு சொல். முன் வரிசையில் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள், மேடம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார், கூடம் சிரித்தது, மோகனாவும் சேர்ந்து சிரித்தாள். கை மடிக்குத் திரும்பிவிட்டது. மேடத்தின் கார் கம்பெனி வாசலைத் தாண்டிப் போனதைக் கழிவறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இன்றைக்கு ஞாயிறு. வெள்ளி மாலையும் சனி முழுக்கவும் அண்ணி அரைக்கீரை கடைந்து சாப்பிட்டாள். சனி மதியம் மோகனாவே பரிமாறினாள். கரண்டி கையில் இருந்தது. வேண்டாம் அண்ணி என்று சொல்ல வாயும் இருந்தது.

இல்லை, அதற்கும் முன்னால் போக வேண்டும். கேன் வந்த சாயங்காலத்துக்கு. அப்பா சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகச் சாயம் கலக்குகிறவர். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு நிறம் தங்கியிருக்கும். அப்பாவின் நகத்தைப் பார்த்தே அந்த வாரம் பட்டறைக்கு எந்த ஊர் ஆர்டர் வந்திருக்கிறது என்று அண்ணன் கிண்டலாகச் சொல்வான். மகள் தோட்டம் போடப் போகிறாள் என்றதும் மேனேஜரிடம் சொல்லி வைத்து, காலியான கேன் மூன்றை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். தெருவில் எல்லோர் வீட்டிலும் இதே மாதிரிக் கேன் உண்டு. யாருக்கும் அது புதிதில்லை. ஆக்சா பிளேடால் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்தார். அறுப்பதற்கு முன்னால் ஒரு கேனைத் திருப்பி ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "பாப்பா, இதுல என்னமோ எழுதியிருக்குது பாரு. படிச்சுப்போட்டுச் சொல்லு சாமி, செடி வெக்கலாமா என்னன்னு." கீழ் வீட்டு ஈஸ்வரியக்கா துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள். அண்ணி படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மோகனா குனிந்து பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. எழுத்துகள் சேர்ந்து நின்ற சொல் ஒன்றுகூடத் தெரியவில்லை. பெரிய பெரிய சொற்கள், புகைவண்டி மாதிரி. அதில் அந்தப் படமும் இருந்தது. தெரியலப்பா என்று சொல்லியிருக்கலாம். போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று ஜோடிக் கண்கள் அவள் முகத்தில் இருந்தன. ஏதோ பரீட்சைத் தாள் அல்ல அது, அதைவிடப் பெரியது. படித்தவர்கள் எவ்வளவு நேரம் படிப்பார்களோ அவ்வளவு நேரம் விரலை வரியின்மேல் ஓட்டினாள். பிறகு நிமிர்ந்து, "சோப்புத் தண்ணி மாதிரி ஒண்ணுதாம்ப்பா. கழுவுனாப் போயிரும்" என்றாள். அப்பாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம்! ஈஸ்வரியக்காவைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா ஈஸ்வரி? நாம நாள் பூரா பாத்தாலும் ஒண்ணும் வெளங்காது. படிச்சவ ஒரே பார்வைல சொல்லிப்போட்டா." அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, புளியும் செங்கல் தூளும் போட்டு, ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவினார். தாளையும் கம்பியால் சுரண்டினார். பாதி வந்தது, பாதி வரவில்லை. வராத பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தார். கழுவுனாப் போயிரும். அவள் சொன்ன சொல்லை நம்பி ஒரு மனுஷன் முழங்கை வலிக்க வலிக்கக் கழுவினார்.

அது முதல் தடவை இல்லை என்பதுதான் இந்த மூன்று நாளாக அவளைக் குடைந்தது. அந்த வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் அவள் கைக்குத்தான் வரும். மின்சார வாரிய நோட்டீஸ், பாங்குக் கடிதம், மாத்திரை அட்டை, போனில் வருகிற குறுஞ்செய்தி. அப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அம்மாவுக்கு, இருந்தவரைக்கும், அதுவும் கிடையாது, ரேகைதான். அண்ணன் பத்தாவதோடு நின்றவன். மோகனா தமிழ் வழியில் பன்னிரண்டு முடித்து, கல்லூரியில் பி.காம். சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் ஐம்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். மற்றவர்கள் தலையாட்டிய இடத்தில் அவளும் தலையாட்டினாள். அப்படியே மூன்று வருஷம். எங்கே தலையாட்ட வேண்டும் என்பதை மற்றவர் கழுத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பதில்களை முற்றுப்புள்ளி வரைக்கும் மனப்பாடம் செய்தாள். அர்த்தம் கேட்டால் மாட்டிக்கொள்வாள், ஆனால் யாரும் கேட்கவில்லை. அறுபத்திரண்டு சதவீதம். பட்டம் வாங்கிய அன்றைக்கு அப்பா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டுவதற்குக் கொண்டுபோய், கடைக்காரரிடம் தலைகீழாக நீட்டினாராம். அண்ணன் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு மட்டும் அது சிரிப்பாக வருவதில்லை. நேராகப் பிடித்தால் மட்டும் தனக்கு அதில் எல்லாம் புரிந்துவிடுமா? அம்மாவின் கடைசிக் காலத்தில் மாத்திரை அட்டையைப் பார்த்து, இது சாப்பாட்டுக்கு முன்னால், இது பின்னால் என்று இவள்தான் பிரித்து வைத்தாள். அதை எதைப் படித்துச் சொன்னாள்? மருந்துக்கடைக்காரர் சொன்னதா, தானே ஊகித்ததா? மனம் அந்த இடத்தில் கால் வைத்ததும் சேற்றில்போல உள்ளே போய்விட்டது. வேண்டாம், அங்கே போகாதே என்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். புதினாவின் தண்டு கருஞ்சிவப்பாக இருந்தது. தண்டு எப்போதுமே இப்படித்தானா? ஒரு எறும்பு கேனின் விளிம்பில் ஏறி, நின்று, வந்த வழியே இறங்கிப் போனது. எறும்புக்கு ஆயிரம் காரணம் இருக்கும். இலையில் தித்திப்பு இல்லை, அதனால் திரும்பியிருக்கும். எறும்பை வைத்தா முடிவு செய்வார்கள்?

ஒருவேளை ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். ஏழு தடவை கழுவியிருக்கிறது. நாலு மாதமாக எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மிச்சம் மீதி இருந்தாலும் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக எப்போதோ போயிருக்கும். போயிருக்கும் என்றால் எங்கே போயிருக்கும்? மண் வழியாகத்தானே. மண்ணில் வேர் இருக்கிறதே. சரி, தெருவில் எல்லோரும்தான் இந்தக் கேனில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள், யாருக்கு என்ன ஆனது? ஈஸ்வரியக்காவின் இரண்டாவது பையனுக்கு ஏன் இன்னும் பேச்சு வரவில்லை? சே, அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. இப்படிச் செய்யலாம். இன்றைக்கு நல்ல நாள், வாயைத் திறக்க வேண்டாம். நாளைக்கு வேலைக்குப் போகும் முன் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். செடி என்றால் பூச்சி விழும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கேனையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. அண்ணி பயப்பட மாட்டாள். இந்த நேரத்தில் பயப்படுவதும் குழந்தைக்கு ஆகாதுதானே? யோசனை அப்படி நடந்து நடந்து வாசல் வரை போனது, அங்கே நின்றுவிட்டது. நாலு மாதமாக உள்ளே போனதைப் பூச்சி தின்றதாகச் சொல்ல முடியாது. நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது என்றால் டாக்டர் கேட்பார், என்னம்மா சாப்பிட்டே என்று. அண்ணி சொல்வாள், வீட்டுல வளர்த்த கீரைங்க டாக்டர், சுத்தமானது, எங்க நாத்தனார் போட்டது என்று. டாக்டரும் தலையாட்டி, நல்லது என்று எழுதிக்கொள்வார். எதைத் தேட வேண்டும் என்பது தேடுகிறவருக்குத் தெரியாமலே போகும். அதைத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளும் தலையாட்டுவாள்.

அண்ணி சாப்பிடுவது கண்ணுக்குள் வந்தது. அவளுக்குக் கீரை பிடிக்காது. கல்யாணமாகி வந்த புதிதில் கீரை செய்கிற அன்றைக்கு ரசத்தோடு எழுந்துவிடுவாள். இப்போது ஒரு கிண்ணம் கடைந்த கீரையை மருந்து குடிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுவாள்: "டீச்சரம்மா, முடிச்சாச்சு, பாஸ் போடுங்க." எட்டாவது வரைக்கும் படித்தவள். மோகனாவின் கல்லூரி உடைகளை மூன்றாம் வருஷம் முழுக்க அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள். நீ படிக்கற வேலையப் பாரு, இதெல்லாம் நான் பாத்துக்கறேன் என்று. மோகனா தேய்த்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு போய், மற்றவர் கழுத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தாள். "மோகனா!" இப்போது கீழேயிருந்து அண்ணியே கூப்பிட்டாள். "எல்லாரும் வந்துட்டாங்க. சீக்கிரம் வா. எனக்குப் பசி தாங்கல, உள்ள இருக்கறவன் உதைக்கறான்." உதைக்கிறானாம். எந்தக் காலால், எத்தனை காலால் என்று ஒரு நினைப்பு வந்து நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் வெள்ளை நட்சத்திரம் வெடித்தது.

கேனைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். மண்ணோடு சேர்ந்து கனத்தது. வேர் தரையைப் பிடித்திருந்த இடத்தில் தண்டு பட் பட்டென்று அறுந்தது. தாளின் மேல்பாதி இல்லை. அதில்தான் பொருளின் பெயர் இருந்திருக்கும். அப்பாவின் கம்பி அதைத் தின்றுவிட்டிருந்தது. மிஞ்சியிருந்தது படமும், அதற்கு அடியில் பொடி எழுத்தில் மூன்று வரியும். போனில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்தாள். இது நாலு மாதத்துக்கு முன்னாலும் இதே போனில்தான் இருந்தது. முதல் வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். எஸ், யூ, எஸ், பி. மேலே ஆங்கில எழுத்துகள் சேரச் சேர, கீழே தமிழ் தானாக மாறிக்கொண்டே வந்தது. ஏழாவது எழுத்தில் 'சந்தேக நபர்' என்று காட்டியது. இன்னும் இரண்டு எழுத்து. 'சந்தேகிக்கப்படுகிறது' என்று ஆனது. தொடர்ந்தாள். 'சேதப்படுத்துவதாகச் சந்தேகிக்கப்படுகிறது.' எதை? அடுத்த சொல்லின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும், 'ஐ.நா.வைச் சேதப்படுத்துவதாகச் சந்தேகிக்கப்படுகிறது' என்று வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. ஐ.நா. சபையை! ஒரு நொடி உடம்பெல்லாம் லேசாகி, இவ்வளவுதானா, இதற்கா இந்த மூன்று நாள் என்று இருந்தது. மிச்சம் நாலு எழுத்து. அதற்கப்புறம் ஐந்து எழுத்தில் ஒரு சொல். அந்தச் சொல் மட்டும் அவளுக்குத் தெரிந்த சொல், ஒன்றாம் வகுப்பிலேயே படித்தது. விரல் அதைச் சீக்கிரமாக அடித்துவிட்டது. ஐ.நா. மறைந்தது. 'பிறக்காத குழந்தையைச் சேதப்படுத்துவதாகச் சந்தேகிக்கப்படுகிறது.' திரையில் வெயில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். சந்தேகிக்கப்படுகிறது என்றால் உறுதி இல்லை. உறுதி இல்லை என்றால், இல்லை என்று ஆகாது. எவ்வளவு உள்ளே போனால், எத்தனை நாளில், கழுவினால் போகுமா என்று அந்த வரி எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பாதி சுரண்டப்பட்டுவிட்டது. இவ்வளவு தெளிவான ஒரு வரியை அவள் விரலால் தடவிப் பார்த்து சோப்பு என்று சொல்லியிருக்கிறாள். எழுந்தாள். புதினா பறிக்கவில்லை. போனை மட்டும் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். பதினெட்டுப் படி. ஒவ்வொன்றிலும், திரும்பி ஏறிவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள், அவளும் மோகனாதான்.

கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மனையின்மேல் அண்ணி, பச்சைப் புடவையில், மூக்கு நுனியில் வியர்வையோடு. இலையில் ஐந்து நிறத்தில் சாதம். ஆறாவதாகக் கொத்தமல்லி சாதம், ஆவி அடங்காமல். அப்பா வெள்ளை வேட்டியில் கதவோரம் நின்றிருந்தார். அண்ணன் தயிர் வாங்கப் போயிருந்தான். "எங்க புதினா?" என்றாள் அத்தை. அண்ணி கொத்தமல்லி சாதத்தில் ஒரு கவளம் எடுத்துவிட்டிருந்தாள். "அண்ணி, அதைச் சாப்பிடாதீங்க." குரல் எங்கோ உடைந்து, வேறு யாருடையதோ போல வந்தது. "என்னம்மிணி, நல்ல நாளும் அதுவுமா வாயில வெக்கற சோத்தைத் தடுக்கறே" என்று அத்தை பதறினாள். "அந்தக் கேன்ல என்ன எழுதியிருந்ததுன்னு எனக்கு அன்னிக்குத் தெரியலீங்க. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அது சோப்பு இல்ல. வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாதுன்னு போட்டிருக்குது. இப்பத்தான் பாத்தேன். இல்ல, வெள்ளிக்கிழமையே தெரியும்." ஈஸ்வரியக்கா சிரித்தாள். "ஆமாமா, மூணு வருஷம் காலேஜு போனவளுக்கு ஒரு தாளு படிக்கத் தெரியலையாமா. கேளுங்க கதைய. தூக்கம் கெட்டு வேலைக்குப் போறா, அதான் என்னென்னமோ பேசறா." இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "நாந்தான் ஏழு தண்ணி மாத்திக் கழுவுனனே கண்ணு" என்றார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க கழுவுனது சரிதானுங்கப்பா. நான் படிச்சதுதான் பொய்." அத்தை, "படிச்ச புள்ள சொல்றதுல எதை நம்பறது, அன்னிக்குச் சொன்னதையா, இன்னிக்குச் சொல்றதையா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். அண்ணி கவளத்தை இலையில் வைத்துவிட்டு இடது கையை நீட்டினாள். மோகனா போனைக் கொடுத்தாள். அண்ணி அந்தத் தமிழ் வரியை உதடு அசைய, எழுத்துக்கூட்டி, தானே படித்தாள். கடைசிச் சொல்லுக்கு வர நேரமாயிற்று. படித்து முடித்தும் அவள் அழவில்லை, கத்தவில்லை. மோகனாவின் முகத்தை, இத்தனை நாள் பார்க்காத ஒரு முகத்தைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள். கை தானாக வயிற்றின் மேல் போயிருந்தது. "அப்ப, மார்கழியில எடுத்த ஸ்கேன்?" என்றாள். "டாக்டரம்மா அன்னிக்கு லீவு. புதன்கெழமை வந்து காட்டச் சொன்னாங்க. நீ வெளிய பெஞ்சுல உக்காந்து ரெண்டு தாளையும் படிச்சுப் பாத்துட்டு, எல்லாம் நல்லாருக்குது அண்ணி, இதுக்குன்னு இன்னொருக்கா பஸ் ஏறி வர வேண்டாம்னு சொன்னே. நான் போகவே இல்ல மோகனா. அது?" மூன்று நாளாக எதையெதையோ கிளறியெடுத்துத் தன்னைக் குத்திக்கொண்டிருந்த மனம் அந்த இரண்டு தாளின் பக்கம் மட்டும் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பது மோகனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தாள்களில் அவள் அடையாளம் கண்டது ஒரே ஒரு சொல்லை, நார்மல். அது ஒரு வரியில் இருந்தது. மற்ற வரிகள் இருபதுக்கு மேல் இருக்கும்.